ஓர் அரசாணைக்கு எவ்வளவு செலவாகும்?

2013 ஆகஸ்டில் சென்னை ஆட்டோக்களுக்கு அரசு புதிய மீட்டர் கட்டணம் அறிவித்தது. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். அடுத்த பத்தாண்டில் வாடகை ஏறியது, எரிபொருள் ஏறியது, டீ விலைகூட ஏறியது. அந்தக் கட்டண அட்டை மட்டும் அசையவில்லை. விளைவு ஊருக்கே தெரியும். மீட்டர் வண்டியில் ஒரு அலங்காரமாக உட்கார்ந்திருந்தது, பழைய பேரம் திரும்பி வந்தது, செயலியில் வண்டி பிடிப்பவர்களும் 'மேலே எவ்வளவு போட்டுத் தருவீங்க' என்ற கேள்வியிலிருந்து தப்பவில்லை.

இந்தக் கட்டணத்தைச் சட்டமன்றம் ஓட்டெடுத்து நிறைவேற்றியதா? இல்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், கட்டணம் நிர்ணயிக்கும் அதிகாரத்தை மாநில அரசிடம் கொடுத்திருக்கிறது. துறை கோப்பு எழுதும், மேலே ஒப்புதல் கிடைக்கும், அரசாணை வரும். அவ்வளவுதான். சட்டம் போட்டது டெல்லி, கட்டணம் போட்டது கோட்டை, நஷ்டப்பட்டது ஓட்டுநரும் பயணியும்.

நம் தினசரி வாழ்க்கையைத் தொடுகிற பெரும்பாலான கட்டளைகள் இப்படித்தான் பிறக்கின்றன. கட்டடத்துக்கும் சாலைக்கும் இடையே எத்தனை மீட்டர் விட வேண்டும், உணவகத்துக்கு எந்தெந்த உரிமம் வேண்டும், மின் இணைப்புக்கு எவ்வளவு வைப்புத்தொகை கட்ட வேண்டும் என்பதையெல்லாம் 234 எம்.எல்.ஏ.க்கள் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. அதனால் சட்டமன்றம் மூலச் சட்டத்தில் கொள்கையை மட்டும் சொல்லிவிட்டு, விவரங்களை 'விதிகள் மூலம் வகுத்துக்கொள்ளலாம்' என்று அரசிடம் விட்டுவிடுகிறது. இதில் தப்பு எதுவும் இல்லை. உலகம் முழுக்க இதுதான் வழக்கம். ஆனால் கொள்கையையே தூக்கி அதிகாரிகளிடம் கொடுத்துவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1951இல் டெல்லிச் சட்டங்கள் வழக்கிலேயே எல்லை வகுத்துவிட்டது.

சரி, அதிகாரத்தைக் கொடுத்த சட்டமன்றம், அந்த அதிகாரம் எப்படிப் பயன்பட்டது என்று திரும்பிப் பார்க்கிறதா? குறிப்பாக, ஒரு விதியால் மக்களுக்கு ஆகும் செலவும் கிடைக்கும் பயனும் என்ன என்று கேட்கிறதா? இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு கேள்விதான்.

முதலில் ஒரு விதிக்குச் 'செலவு' என்றால் என்னவென்று பார்த்துவிடலாம். தமிழ்நாட்டின் பிளாஸ்டிக் தடை நல்ல உதாரணம். 2018 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டு, அதே மாதம் அரசாணை வந்து, 2019 ஜனவரி 1 முதல் அமலானது. பிளாஸ்டிக் பை, உணவு கட்டும் தாள், தட்டு, கப், உறிஞ்சுகுழல், தண்ணீர் பாக்கெட் எல்லாம் பட்டியலில் இருந்தன. பால், எண்ணெய், மருந்து உறைகளுக்கு அப்போது விலக்கு கிடைத்தது.

இதற்கு அரசின் செலவு என்ன? ஆய்வாளர்களின் சம்பளம், விளம்பரம், பறிமுதல் செய்ய வண்டி. பட்ஜெட்டில் பார்த்தால் சின்னத் தொகை. ஆனால் திருவல்லிக்கேணியில் ஒரு மெஸ் நடத்துகிறவரின் பக்கத்திலிருந்து பாருங்கள். சாம்பாரைப் பிளாஸ்டிக் உறையில் ஊற்றி ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தவர், இனி வேறு டப்பா வாங்க வேண்டும். ஒரு பார்சலுக்கு 3 ரூபாய் கூடுகிறது, நாளைக்கு 200 பார்சல் போகிறது, வருஷத்தில் 300 நாள் கடை திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 1,80,000 ரூபாய். இந்த எண்கள் என் கற்பனை, கணக்குப் போடும் முறை மட்டும் நிஜம். அந்தப் பணத்தை அவர் லாபத்திலிருந்து கொடுப்பாரா, சாப்பாட்டு விலையில் ஏற்றுவாரா, அல்லது சாம்பாரின் அளவைக் குறைப்பாரா? மூன்றில் எது நடந்தாலும் அது விதியின் செலவுதான். அரசுக் கணக்கில் ஒரு பைசாகூடத் தெரியாது.

இதைத் தவிர, பை தயாரித்த சிறு ஆலைகள், அங்கே வேலை பார்த்தவர்கள், வாங்கி வைத்த இயந்திரம், அதற்கு எடுத்த கடன். இது ஒரு முறை வரும் செலவு, ஆனால் சில பேர் தலையில் மொத்தமாக விழும் செலவு.

இப்போது பயன் பக்கம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் மழைநீர் வடிகாலில் இறங்கித் தூர் வாருகிறவர் பிளாஸ்டிக்கை எவ்வளவு வெளியே எடுக்கிறார் என்று பார்த்தவர்களுக்குப் பயன் என்ன என்று சொல்லத் தேவையில்லை. அடைபடாத வடிகால், குறைவாக நனையும் தரைத்தளங்கள், பெருங்குடிக் குப்பைக் கிடங்கை ஒட்டியே கிடந்தாலும் பிளாஸ்டிக் சேராத பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், பையைத் தின்று வயிறு வீங்காத மாடுகள். உண்மையான பயன்கள்தான். ஆனால் லட்சக்கணக்கான பேருக்குத் துளித்துளியாகப் பிரிந்து கிடக்கின்றன, ரூபாயில் எழுதவும் சிரமம்.

இங்கேதான் அரசியல் நுழைகிறது. செலவு சில பேர் மேல் குவிந்து, பயன் எல்லோருக்கும் சிதறினால், அந்தச் சில பேர் சங்கம் வைத்துப் போராடுவார்கள், வழக்குப் போடுவார்கள். பிளாஸ்டிக் உற்பத்தியாளர்களும் உயர் நீதிமன்றம் போனார்கள். 2019இல் தடை செல்லும் என்று தீர்ப்பு வந்தது. பயன் பெறுகிறவர்களுக்குச் சங்கமே கிடையாது. தலைகீழாகவும் நடக்கும். பயன் சில நிறுவனங்களுக்குக் குவிந்து, செலவு பொதுமக்களுக்குச் சிதறினால் யாரும் கோட்டை வாசலில் கொடி பிடிக்க மாட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஐந்து ரூபாய், பத்து ரூபாய்தானே! இந்த இரண்டாவது வகைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. சத்தமே இல்லாமல் போய்விடும்.

சட்டமன்றத்தின் வேலை இந்த இரண்டு பக்கத்தையும் ஒரே மேசையில் வைத்துப் பார்ப்பது. அதற்கு அதன் கையில் என்ன இருக்கிறது?

ஒரு மசோதா அவைக்கு வரும்போது கூடவே இரண்டு குறிப்புகள் வர வேண்டும். ஒன்று நிதிக் குறிப்பு, அரசுக் கருவூலத்திலிருந்து செலவு உண்டென்றால் எவ்வளவு என்று சொல்வது. மற்றொன்று, எந்தெந்தப் பிரிவில் விதி வகுக்கும் அதிகாரம் அரசுக்குக் கொடுக்கப்படுகிறது என்று விளக்கும் குறிப்பு. மக்களவை நடைமுறை விதிகளில் இவை 69, 70ஆம் விதிகள். மாநிலப் பேரவைகளிலும் இதே மாதிரி ஏற்பாடு உண்டு. நிதிக் குறிப்பை எடுத்துப் படித்தால் புதிய பதவிகளுக்கு இவ்வளவு, அலுவலகத்துக்கு இவ்வளவு என்று இருக்கும். கடைக்காரர், வீட்டுக்காரர், ஓட்டுநர் தங்கள் கைக்காசிலிருந்து செலவழிக்கப் போவது அதில் இருக்காது. கல்யாணச் செலவு என்று மண்டப வாடகையை மட்டும் எழுதிவிட்டு, சாப்பாட்டையும் நகையையும் பெண் வீட்டார் கணக்கில் தள்ளிவிடுவது போல.

அடுத்தது, விதிகள் வந்த பிறகு அவற்றை அவையின் மேசை மீது வைப்பது. நாடாளுமன்றச் சட்டங்களில் வழக்கமான வாசகம் இதுதான்: விதி மொத்தம் 30 நாள் அவை முன் இருக்க வேண்டும். அதற்குள் இரு அவைகளும் சேர்ந்து மாற்றச் சொன்னால் மாற வேண்டும், வேண்டாம் என்றால் செல்லாது. அதுவரை அதன்கீழ் நடந்தவை மட்டும் செல்லும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விதி ஏற்கெனவே அமலுக்கு வந்துவிட்டது. ரத்து செய்ய வேண்டுமானால் பெரும்பான்மை வேண்டும், பெரும்பான்மை யாரிடம் இருக்கிறது? விதி போட்ட அரசின் கட்சியிடம்தான். அதனால் ரத்து நடப்பது மிக அரிது. மேசையில் வைக்கவே மறந்துவிட்டால்? வெறுமனே வைக்க வேண்டும் என்று மட்டும் சட்டம் சொல்லியிருந்தால், வைக்காததால் ஆணை செல்லாமல் போய்விடாது என்று அட்லஸ் சைக்கிள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1970களின் இறுதியில் சொல்லிவிட்டது.

இன்னொரு ஓட்டையும் உண்டு. மேசையில் வைக்கும் கட்டாயம் பொதுவாக 'விதி' என்று பெயர் பெற்றவற்றுக்குத்தான். சுற்றறிக்கை, உத்தரவு, வழிகாட்டு நெறிமுறை என்று வேறு பெயரில் வருபவை பல நேரம் அந்த வலையில் சிக்குவதில்லை. கடைக்காரருக்கு எல்லாம் ஒன்றுதான், ஆய்வாளர் வந்து கேட்கும்போது.

மூன்றாவதாகக் குழுக்கள். மக்களவையில் சார்நிலைச் சட்டக் குழு, அதாவது அரசு போடும் விதிகளை ஆராயும் குழு, 1953 முதல் இருக்கிறது, 15 உறுப்பினர்கள், அமைச்சர்கள் அதில் இடம்பெற முடியாது. மாநிலங்களவைக்கு 1964 முதல். தமிழ்நாடு பேரவைக்கும் விதிகளை ஆய்வு செய்யும் குழு ஒன்று உண்டு. கட்சி பார்க்காமல் அமைதியாக வேலை நடக்கும் இடம் என்று இந்தக் குழுக்களைப் பற்றி நல்லபடியாகச் சொல்லலாம். ஆனால் இவர்கள் கேட்கும் கேள்விகளைக் கவனியுங்கள்: விதி மூலச் சட்டத்தின் எல்லைக்குள் இருக்கிறதா? வரி போடுகிறதா? நீதிமன்றத்தின் கையைக் கட்டுகிறதா? தாமதமாக வந்ததா? எல்லாமே சட்டக் கேள்விகள். 'இது போட்ட காசுக்குப் பெறுமா' என்ற கேள்வி அந்தப் பட்டியலில் வழக்கமாக இல்லை. பொதுக் கணக்குக் குழுவும் தணிக்கைத் துறையும் அரசுப் பணம் எங்கே போனது என்று துருவுவார்கள். உங்கள் பணம் அவர்கள் வரம்பில் வராது.

தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு பழக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. பேரவை விதி 110. இதன்கீழ் முதலமைச்சரோ அமைச்சரோ பொது முக்கியத்துவம் உள்ள ஒரு அறிக்கையைப் படிக்கலாம், அதன்மேல் விவாதம் கிடையாது. கடந்த பல ஆண்டுகளில், எந்தக் கட்சி ஆண்டாலும், பெரிய பெரிய அறிவிப்புகள் இந்த வழியில் வந்திருக்கின்றன. மேலே சொன்ன பிளாஸ்டிக் தடை அறிவிப்பும் அப்படி வந்ததுதான். மேசை தட்டும் ஒலி கேட்கும், கேள்வி கேட்க வழி இருக்காது. தடையை நான் ஆதரிக்கிறேன். ஆனால் மாற்றுப் பொருள் போதுமான அளவு கிடைக்குமா, சிறு ஆலைகளுக்குக் கால அவகாசம் போதுமா என்று அன்றைக்கே அவையில் பத்து நிமிஷம் பேசியிருந்தால் என்ன குறைந்துவிடும்? மஞ்சப்பை இயக்கம் 2021 டிசம்பரில்தான் தொடங்கியது. கோயம்பேட்டில் 10 ரூபாய்க்கு மஞ்சப்பை தரும் இயந்திரம் வந்தது 2022இல். தடைக்கும் மாற்றுக்கும் இடையே மூன்று வருஷ இடைவெளி.

இந்த விஷயத்தில் அதிகம் பேசப்படும் நாடு அமெரிக்கா. அங்கே 1981இல் அதிபர் ரீகன் ஓர் ஆணை போட்டார்: பெரிய விதி எதுவானாலும் துறைகள் செலவு–பயன் கணக்கோடுதான் வர வேண்டும். 1993இல் கிளின்டன் அதைத் திருத்திப் புதிதாகப் போட்டார். பொருளாதாரத்தின் மேல் ஆண்டுக்கு 10 கோடி டாலர் அல்லது அதற்கு மேல் விளைவு உள்ள விதி என்பது பெரிய விதிக்கான அளவுகோல்களில் ஒன்று. அதிபர் மாளிகையின் கீழ் இருக்கும் ஓர் அலுவலகம் அந்தக் கணக்கைச் சரிபார்க்கும். கூடவே, விதிகளின் மொத்தச் செலவும் பயனும் எவ்வளவு என்று நாடாளுமன்றத்துக்கு ஆண்டறிக்கை தர வேண்டும் என்றும் சட்டம் வந்தது.

இங்கே ஒரு சங்கடமான விஷயம். விபத்தைக் குறைக்கும் விதி ஒன்றின் பயனை டாலரில் எழுத வேண்டுமானால், தவிர்க்கப்படும் ஒரு மரணத்துக்கு ஒரு தொகை வைத்தாக வேண்டும். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2023ஆம் ஆண்டுக்கு வைத்த தொகை 1 கோடியே 32 லட்சம் டாலர். கேட்டதும் நமக்கு முகம் சுளிக்கும். உயிருக்கு விலையா? ஆனால் அது எந்தத் தனி மனிதரின் விலையும் இல்லை. ஆபத்து சிறிதளவு குறைவதற்கு மக்கள் எவ்வளவு கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள் என்பதிலிருந்து எடுத்த தொகை. தொகை வைக்காவிட்டால் என்ன ஆகும்? பல நேரங்களில் அந்த இடத்தில் பூஜ்யம்தான் விழும். செலவு மட்டும் துல்லியமாக நிற்கும், பயன் காணாமல் போகும்.

அமெரிக்க நாடாளுமன்றம் தன் கையில் இன்னொரு ஆயுதமும் வைத்திருக்கிறது. 1996இல் வந்த மறுஆய்வுச் சட்டப்படி ஒவ்வொரு விதியும் அமலுக்கு வரும் முன் இரு அவைகளுக்கும், நாடாளுமன்றத்தின் சொந்தத் தணிக்கை அலுவலகத்துக்கும் போக வேண்டும். பெரிய விதி என்றால் துறை செலவு–பயன் கணக்குப் போட்டதா என்று அந்த அலுவலகம் 15 நாளில் அறிக்கை தரும். பிடிக்காவிட்டால் நாடாளுமன்றம் தீர்மானம் போட்டு விதியைத் தூக்கலாம், அதே மாதிரி விதியைத் துறை மறுபடி கொண்டுவரவும் முடியாது. ஆனால் அதிபரும் கையெழுத்துப் போட வேண்டும். தன் அரசே போட்ட விதியைக் கொல்ல எந்த அதிபர் கையெழுத்துப் போடுவார்? அதனால் 1996 முதல் 2016 வரை ஒரே ஒரு விதிதான் இப்படி விழுந்தது. தொழிலாளர் உடல்நோவு தொடர்பான பணியிட விதி அது, 2001இல், புது அதிபர் வந்த கையோடு. அப்புறம் 2017–18இல் டிரம்ப் வந்ததும் 16 விதிகள் வரிசையாக விழுந்தன. இரண்டு முறையும் பெரும்பாலும் முந்தைய ஆட்சி போகும்போது போட்ட விதிகளைத்தான் புது ஆட்சி கழித்துக்கட்டியது. கணக்குப் பார்த்துச் செய்த வேலை என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெரிய விதி ஒவ்வொன்றுக்கும் நாடாளுமன்ற ஒப்புதல் கட்டாயம் என்று மாற்ற ஒரு மசோதா அங்கே கீழவையில் பல முறை நிறைவேறியிருக்கிறது. 2023இலும் நிறைவேறியது. மேலவையான செனட்டைத் தாண்டவில்லை.

பிரிட்டனிலும் இதே கதைதான். விதிகள் அவை முன் வரும், ஆனால் கீழவையான காமன்ஸ் அவை ஒரு விதியைக் கடைசியாக நிராகரித்தது 1979இல்.

ஆக, ரத்து அதிகாரத்தால் மட்டும் ஒன்றும் நடக்காது. கணக்கை வெளியே வைக்க வைப்பதுதான் உருப்படியான வழி என்று நினைக்கிறேன். இந்தியாவிலும் அங்கங்கே தொடக்கங்கள் உண்டு. நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா தலைமையிலான நிதித்துறைச் சட்டச் சீர்திருத்த ஆணையம், ஒழுங்குமுறை அமைப்புகள் செலவு–பயன் கணக்கோடு விதி போட வேண்டும் என்று 2013இல் பரிந்துரைத்தது. 2014இல் மத்திய அரசு ஒரு கொள்கை கொண்டுவந்தது: மசோதாவோ விதியோ, வரைவை 30 நாளாவது மக்கள் முன் வைக்க வேண்டும், நிதி விளைவு, சுற்றுச்சூழல், பாதிக்கப்படுபவர்களின் வாழ்வாதாரம் பற்றி எழுத வேண்டும். ஆனால் அது கொள்கைதான், சட்டம் இல்லை. மீறினால் யாரும் கேட்க முடியாது. கடனில் நொடித்துப்போகும் நிறுவனங்களின் விவகாரங்களைக் கவனிக்கும் திவால் வாரியம் 2018இல், வரைவோடு பொருளாதார அலசலையும் வெளியிடுவோம் என்று தனக்குத்தானே விதி போட்டுக்கொண்டது. நல்ல காரியம்.

நம் ஊரில் இதற்கு மிக அருகில் வருவது மின்கட்டணம். மின்சாரச் சட்டப்படி, கட்டண மனுவை வெளியிட்டு ஆட்சேபணை கேட்ட பிறகுதான் ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவு போட முடியும். 2022 ஆகஸ்டில் கலைவாணர் அரங்கத்தில் கருத்துக்கேட்பு நடந்தது, செப்டம்பர் 10 முதல் புதுக் கட்டணம் வந்தது. (கொரோனா காலத்தில் சட்டமன்றமே அந்த அரங்கத்தில்தான் கூடியது.) கட்டணம் குறைந்ததா என்று கேட்காதீர்கள். ஆனால் எந்தக் கணக்கில் ஏறியது என்று பக்கம் பக்கமாகப் படிக்க முடிந்தது. ஆட்டோ கட்டணத்துக்கு அப்படி ஒரு காகிதம் உங்கள் கையில் கிடைத்திருக்கிறதா?

ஒரு எச்சரிக்கை. கணக்கு கேட்பது விதியைத் தடுப்பதற்கான தந்திரமாகவும் மாறலாம். 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அப்போது உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தால் குழி தோண்டும் கூலி, குழாய், ஜல்லி எல்லாம் ரூபாய் பைசாவாகத் தெரிந்திருக்கும். பயனோ தெருவின் நிலத்தடி நீரில் கலந்து, பக்கத்து வீட்டுக் கிணற்றில் ஏறும். பெயரளவுக்குப் போட்டவரும் ஒழுங்காகப் போட்டவரும் ஒரே நீரைத்தான் இறைப்பார்கள். 'கணக்கு வரட்டும்' என்று காத்திருந்தால் அந்த விதி வந்தே இருக்காது என்று தோன்றுகிறது. ஆனால் வந்த பிறகு பார்த்திருக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு: எத்தனை வீட்டில் அது இன்னும் வேலை செய்கிறது? 2019 கோடையில் ஏரிகள் வறண்டு ஊரே தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றபோதுதான் குழிகளில் மண் நிரம்பியிருப்பதை அதிகாரிகள் வீடு வீடாகப் போய்ப் பார்க்கத் தொடங்கினார்கள். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு பெரிய விதியும் அவையின் குழு முன் வந்து பதில் சொல்ல வேண்டும் என்றிருந்தால், 2008இலேயே அந்த மண் கண்ணில் பட்டிருக்கும். முன்கணக்கைவிடப் பின்கணக்கு எனக்கு முக்கியமாகப் படுவது இதனால்தான். முன்கணக்கில் ஊகம் நிறைய, போடுவதும் விதியை விரும்பும் அதே துறை.

குடிமக்களாக நாம் நுழைய ஒரு சின்னக் கதவு திறந்தே இருக்கிறது. பல சட்டங்களில், மோட்டார் வாகனச் சட்டத்திலும், விதியை இறுதி செய்யும் முன் வரைவை அரசிதழில் வெளியிட்டு ஆட்சேபணைக்குத் தேதி குறிக்க வேண்டும். அரசிதழ் இணையத்தில் இலவசம். தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவும், முக்கியக் கொள்கை வகுக்கும்போது தொடர்புள்ள விவரங்களை அரசு தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது. ஆட்சேபணை எழுதும்போது 'இது அநியாயம்' என்று மட்டும் எழுதினால் கோப்பில் தூங்கும். 'என் கடைக்கு மாதம் இவ்வளவு கூடுகிறது, இதே பயனை இந்த வழியில் இவ்வளவுக்கு அடையலாம்' என்று எண்ணோடு எழுதினால், பின்னால் வழக்கு வந்தால்கூட அந்தத் தாள் பேசும். ஒரு நகலை உங்கள் எம்.எல்.ஏ.வுக்குக் கொடுங்கள், கேள்வி நேரத்தில் கேட்க அவருக்கு ஒரு விஷயம் கிடைக்கும். இன்னொன்றைப் பேரவையின் மனுக்கள் குழுவுக்கு அனுப்பலாம். முகவரி: சட்டமன்றப் பேரவைச் செயலகம், புனித ஜார்ஜ் கோட்டை, சென்னை 600 009.